வேளச்சேரி ஏரிக்கரையும் தண்டீசர் திருவருளும்

(கார்த்திகைத் திருவிழாவில் அடையாற்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சிவமயம்



கார்த்திகைத் திங்களின் இந்த இனிய மாலைப் பொழுதில், அடையாற்றின் கரையிலே, இறைவன் திருமுன்னர் நாம் எல்லோரும் கூடியிருக்கின்றோம். வானம் மாலை முதலே மூட்டமாக இருக்கின்றது. மழை வருமோ, வராதோ என்று நம்முள் பலர் அண்ணாந்து பார்த்தபடியே வந்து அமர்ந்திருப்பதையும் கண்டோம். மழை வந்தாலும் நன்று; வாராவிடினும் நன்று. ஏனெனில் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதே மழையைப் பற்றிய பேச்சுத்தான். மழையைத் தேக்கிய ஓர் ஏரியைப் பற்றியும், அந்த ஏரிக்கரையில் எழுந்தருளியுள்ள ஒரு பெருமானைப் பற்றியுமான பேச்சு.

இம்மேடையில் காசியையும் கயிலையையும் பற்றிப் பேசுவது எளிது. நெடுந்தொலைவில் இருப்பன மனத்திற்குப் பெருமை தருகின்றன. ஆனால் நம் வீட்டு வாயிலுக்கு அருகே இருக்கும் தலத்தை நாம் மறந்துவிடுகின்றோம். இங்கிருந்து தென்மேற்கே நடந்தால் வேளச்சேரியை அடைந்துவிடலாம். 2007ஆம் ஆண்டு முதல் பறக்கும் இரயிலும் அவ்வூர் வரை செல்கின்றது. நம்முள் பலர் அவ்வூரில் பொருள் வாங்கச் சென்றிருப்போம். உறவினர் வீட்டு மணவிழாவுக்குச் சென்றிருப்போம். அங்கே ஓர் ஏரி இருப்பதையும், ஏரியை ஒட்டி வளர்ந்த ஆயிரம் ஆண்டு ஊர் ஒன்று இருப்பதையும் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்?

மயிலையில் வாழ்ந்த வாயிலார் நாயனார் தம் உள்ளத்துக்குள்ளேயே கோயில் எழுப்பி, அறிவையே விளக்காக ஏற்றி, அன்பையே அமுதாகப் படைத்து வழிபட்டார். அப்பெருமானின் ஊருக்கு அண்டை ஊரார் நாம். ஆகவே இன்று இருந்த இடத்திலிருந்தே உள்ளத்தால் வேளச்சேரிக்கு ஒரு யாத்திரை போய் வருவோம். வழியில் காண்பனவற்றையும் கண்டு வருவோம்.

முதலில் ஊரின் பெயர். வேதச்சிரேணி என்பதே வேளச்சேரி ஆயிற்று என்பது தலபுராண மரபு. சோமுகன் என்னும் அசுரன் வேதங்கள் நான்கையும் கவர்ந்து கடலடியில் மறைத்து வைத்தான். திருமால் அவற்றை மீட்டார். மீட்கப்பட்ட பின்னும் வேதங்களுக்கு ஒரு வருத்தம் இருந்தது. அசுரன் கைப்பட்டோமே, சேற்றில் கிடந்தோமே என்று அவை நாணின. அந்த மாசு நீங்க அவை நான்கும் வரிசையாக இத்தலத்திற்கு வந்து சிவபெருமானை வழிபட்டுத் தூய்மை பெற்றன. சிரேணி என்றால் வரிசை. வேதங்கள் வரிசையாக வந்து நின்ற இடம் வேதச்சிரேணி.

இனிக் கல்வெட்டுக் கூறுவதைக் கேளுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வூரின் பெயர் வெளிச்சேரி என்று காணப்படுகின்றது. அக்காலத்தில் இது புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த ஊராக, நான்மறை வல்லோர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலமாக விளங்கியது. புராணம் நான்கு வேதங்கள் வந்தன என்கின்றது. கல்வெட்டு நான்கு வேதம் ஓதியவர்கள் வாழ்ந்தனர் என்கின்றது. இரண்டையும் பகையாக்கிப் பார்க்க வேண்டுவதில்லை. ஓதுவோர் இருந்த இடத்திற்கு வேதம் வந்தது என்று சொல்வதில் பிழை என்ன?

ஊரிலே செல்லியம்மன் கோயில் ஒன்று உண்டு. அங்கே எழுவர் அன்னையரின் திருவுருவங்கள் உள்ளன. பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளும் அங்கே உள்ளன. எல்லையைக் காக்கும் தாய்மார் ஒருபுறம், ஊரின் நடுவே தண்டீசர் திருக்கோயில் ஒருபுறம், இவற்றுக்கெல்லாம் வாழ்வு தந்த ஏரி ஒருபுறம் என்று பண்டைய ஊர் அமைந்திருந்தது.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நம் தொண்டை நாட்டில் காவிரி போன்ற பேராறு இல்லை. பாலாறும் செய்யாறும் ஆண்டில் சில நாள்களே பெருகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் கொட்டுவதுதான் இந்நாட்டின் செல்வம். அந்தச் செல்வத்தைக் கடலுக்குப் போகவிடாமல் தடுத்து வைத்த களஞ்சியமே ஏரி. செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே வழங்கினார்கள். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாகவே வான்சிறப்பை வைத்தார் அன்றோ? கடவுளுக்கு அடுத்தது மழை என்றால், கோயிலுக்கு அடுத்தது ஏரி.

ஏரி என்பது வெறும் பள்ளம் அன்று. அதற்கு உறுப்புகள் உண்டு. மேட்டு நிலத்து நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் அதன் வாய். பிறை வடிவில் நீரைத் தாங்கும் கரை அதன் கை. வயலுக்கு அளந்து விடும் மதகு அதன் ஈகை. நிறைந்த பின் மிகுதியை அமைதியாக வெளியேற்றும் கலங்கல் அதன் அடக்கம். கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். தன் வயிறு நிறைந்ததும் பசித்தவனுக்கு வழிவிடும் அடியாரைப் போன்றது ஏரி.

நம் வேளச்சேரி ஏரியும் அவ்வாறே. மேற்கே கிண்டி, ஆதம்பாக்கம் பக்கத்து மேட்டு நிலங்களில் பெய்த மழை இங்கே வந்து தங்கும். மிகுந்தது தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குச் செல்லும். அந்தச் சதுப்பு நிலம் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீரை வாங்கிக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகச் சிறுகச் சிறுகக் கடலுக்கு அனுப்பும். இவ்வளவும் எந்திரம் இன்றி, மின்விசை இன்றி, நிலத்தின் சரிவை அறிந்த முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு.

அவர்கள் செய்துவைத்ததோடு நின்றுவிடவில்லை; காத்தும் வந்தார்கள். இதே தொண்டை நாட்டு உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற ஒரு குழு பேசப்படுகின்றது. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வூர் வயிரமேகத் தடாகத்தில் ஓடம் விட்டுத் தூர் எடுப்பதற்காகப் பொன் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இறைவனுக்கு நந்தாவிளக்கு எரிக்கப் பொன் கொடுத்தது எவ்வளவு புண்ணியமோ, அவ்வளவு புண்ணியம் ஏரியில் ஒரு கூடை மண் எடுக்கக் கொடுத்தது என்று அவர்கள் எண்ணினார்கள். இரண்டையும் கல்லிலே வெட்டிவைத்தார்கள்.

இனி ஊரின் நாயகரைத் தரிசிப்போம்.

பெருமான் திருநாமம் தண்டீசுவரர்; அம்பிகை திருநாமம் கருணாம்பிகை; தீர்த்தம் யம தீர்த்தம். இந்தப் பெயர்கள் மூன்றையும் சேர்த்துச் சொன்னாலே தலத்தின் வரலாறு விளங்கிவிடும்.

திருக்கடவூரிலே மார்க்கண்டேயர் சிவலிங்கத்தைத் தழுவி நின்றார். காலன் பாசத்தை வீசினான். பாசம் சிறுவன் மேல் மட்டும் விழவில்லை. சிவலிங்கத்தின் மேலும் விழுந்தது. பெருமான் வெளிப்பட்டுத் திருவடியால் உதைத்தார். காலன் வீழ்ந்தான். இது நாம் எல்லோரும் அறிந்த கதை. அதற்குப் பின் என்ன ஆயிற்று என்பதுதான் வேளச்சேரி சொல்லும் கதை.

யமன் தன் பதவியை இழந்தான். கையிலிருந்த தண்டத்தையும் இழந்தான். தண்டம் இல்லாத யமன் யார்? அதிகாரம் போன அலுவலரை ஊரார் மதியார் அல்லவா? அவன் இத்தலத்திற்கு வந்து, தீர்த்தம் உண்டாக்கி, நீராடி, பிழை பொறுக்குமாறு பெருமானை வழிபட்டான். பெருமான் இரங்கித் தண்டத்தைத் திரும்ப அளித்தார். தண்டம் அளித்த ஈசர் தண்டீசர்.

அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். மக்கள் அஞ்சும் அந்த யமனை அப்படியே விட்டுவிட்டால் என்ன? சாவே இல்லாமல் எல்லோரும் வாழ்ந்திருக்கலாமே? பெருமான் ஏன் தண்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்?

தண்டம் என்ற சொல்லுக்குக் கோல் என்பது ஒரு பொருள். ஒறுத்தல் என்பது ஒரு பொருள். முறை செய்தல் என்பதும் ஒரு பொருள். யமனுக்குத் தருமராசன் என்றே ஒரு பெயர் உண்டு. அவன் கையில் இருப்பது உலகின் அளவுகோல். அளவு இல்லாமல் உலகம் நடவாது. யமன் செய்த பிழை உயிரைக் கொள்ள வந்தது அன்று. அது அவனுக்கு இட்ட பணி. எல்லை கடந்து பாசத்தை எறிந்ததே பிழை. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவன் தானே அளவு மீறினான். ஆகவே உதை வாங்கினான். தன் எல்லையை உணர்ந்து வந்து நின்றபோது, அந்தக் கோலை மீண்டும் பெற்றான். எல்லையை உணர்ந்தவன் கையில்தான் அதிகாரம் இருக்க வேண்டும் என்பது தண்டீசர் நமக்குக் காட்டும் பாடம். கோல் கொடுத்தவர் பக்கத்திலேயே கருணாம்பிகை நிற்கின்றாள். முறையும் வேண்டும், கருணையும் வேண்டும்.

இந்தப் பாடத்தை ஓர் ஏரிக்கரையில் வைத்துச் சொன்னாரே பெருமான், அதை வியக்கின்றோம். நீரும் யமனைப் போன்றதுதான். கரைக்குள் நின்றால் தருமராசன்; கரை கடந்தால் காலன். ஏரிக்குக் கரை எதுவோ, அதுவே யமனுக்குத் தண்டம்.

வேளச்சேரியிலிருந்து கிழக்கே கடலை நோக்கி வருவோம். திருவான்மியூர். வான்மீகி முனிவர் வழிபட்டதால் வான்மியூர். அகத்தியருக்கு மருந்துகளின் இயல்பை உபதேசித்ததால் பெருமான் மருந்தீசர். காமதேனு பால் சொரிந்து வழிபட்டதால் பால்வண்ணநாதர். ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய பாடல் பெற்ற தலம். அங்கே பெருமான் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கின்றார். ஏன்?

அப்பைய தீட்சிதர் என்னும் சிவநெறிச் செம்மல் அப்பெருமானைத் தரிசிக்க வந்தார். அவர் வேளச்சேரியிலிருந்து வந்தார் என்று சொல்லும் வழக்கு உண்டு. வந்த நாளில் கடுமழை, எங்கும் வெள்ளம். கோயிலைச் சுற்றிச் சென்று முன்வாயிலை அடைய இயலவில்லை. பெருமானின் பின்புறத்தை மட்டுமே காண முடிந்தது. அவர் உள்ளம் உருகி வேண்டினார். பெருமான் அவருக்காக மேற்கே திரும்பினார் என்கின்றது தலவரலாறு. அடியவர் வரமுடியாவிட்டால் ஆண்டவன் திரும்புவான்!

பக்தியின் பெருமையைச் சொல்ல இந்த வரலாற்றை எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றோம். இன்று அதனுள் இருக்கும் நிலவியலையும் பாருங்கள். வேளச்சேரிக்கும் திருவான்மியூருக்கும் நடுவே உள்ள நிலம் தாழ்வான நிலம்; பெருமழையில் நீர் நிற்கும் நிலம் என்பதை அக்கதை நமக்குச் சொல்லிவைத்திருக்கின்றது. நம் பாட்டிமார் அதைக் கதையாகச் சொன்னார்கள். நாம் கதையைக் கேட்டுக் கைகூப்பினோம், செய்தியைக் கேட்கவில்லை.

வடக்கே திரும்புவோம். கிண்டிக் காடு. பெருநகரத்தின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் உலவும் காடு வேறெங்கே உண்டு? 1978இல் அது தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. அக்காட்டின் ஒரு பகுதியிலேதான் 1959 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இயங்கி வருகின்றது. நம் இளைஞர்கள் அங்கே கல்வி பயில்கின்றார்கள். மான்களும் அவர்களோடு வாழ்கின்றன. அங்கிருந்து கீழ்த்திசையில் நம் அடையாற்றுக்கு வந்தால், 1882 முதல் பிரம்மஞான சபை அமைந்திருக்கும் தோப்பு. அதனுள்ளே பல நூற்றாண்டு கண்ட ஆலமரம். அந்த மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1989இல் புயற்காற்றில் அதன் அடிமரம் வீழ்ந்தது. மரம் போயிற்று என்றே பலரும் எண்ணினர். ஆனால் விழுதுகள் நிலத்தில் ஊன்றி நின்றன. இன்றும் அந்த விழுதுகளே மரமாக நிற்கின்றன. கல்லால நிழலில் அமர்ந்து வாய் பேசாமல் உபதேசித்த தென்முகக் கடவுள், நமக்கும் அந்த ஆலின் வழியாக ஏதோ சொல்கின்றார் போலும். அதைப் பிறகு பார்ப்போம்.

தெற்கே பள்ளிக்கரணை. பூநாரையும் கூழைக்கடாவும் நாமக்கோழியும் வந்து தங்கும் நீர்வெளி. 2022இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அதுவும் சேர்க்கப்பட்டது. அப்பட்டியலில் இடம்பெற்ற பரப்பு ஏறத்தாழ 1,247 ஹெக்டேர். அதன் பழம்பரப்பு இதனினும் பன்மடங்கு பெரியது.

இவ்வாறு கோயிலும் காடும் ஏரியும் சதுப்பும் சூழ்ந்த ஊர் வேளச்சேரி. இதைக் கேட்டு உங்களுக்கு உள்ளம் குளிர்ந்திருக்கும். இனிச் சொல்லப்போவது குளிர்ச்சியான செய்தி அன்று. ஆயினும் திருமுன்னர் நின்று உண்மையை மறைத்தல் ஆகாது.

வேளச்சேரி ஏரி முன்பு ஏறத்தாழ 265 ஏக்கர் பரப்புடையது. இன்று எஞ்சியிருப்பது 55 ஏக்கர் அளவே. ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. எங்கே போயிற்று? ஆவியாகிப் போகவில்லை. குடியிருப்புகளாகவும் சாலைகளாகவும் ஆயிற்று. வரத்துக்கால்கள் குறுகின, போக்குக்கால்கள் மறைந்தன, எஞ்சிய நீரில் கழிவு கலந்தது. இது வேளச்சேரிக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 1920களில் மாம்பலத்துப் பேரேரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. இன்று மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இருக்கின்றது. பார்ப்பதற்கு லேக் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வான்சிறப்புப் பாடிய வள்ளுவருக்கு ஏரியின் வயிற்றிலே கோட்டம்! இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து நடந்துவந்த வழியைச் சொல்கின்றோம்.

யாரையும் குற்றவாளியாக நிறுத்த இம்மேடை ஏறவில்லை. ஊர் பெருகியது, மக்களுக்கு வீடு வேண்டும், நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். வீடு கட்டியவர்களில் நம் உறவினரும் உண்டு, நாமும் உண்டு. மனை வாங்கும்போது பத்திரத்தைப் பார்த்தோம், திசையைப் பார்த்தோம், வாசற்கால் வைக்க நல்ல நாள் பார்த்தோம். மழைநீர் எவ்வழியே போகும் என்று பார்த்தோமா?

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள். அதுவும் இதே கார்த்திகை மாதந்தான். தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும், வழியில் உள்ள ஏரிகளின் நீரும் சேர்ந்து அடையாறு பெருகியது. ஆதனூரில் தோன்றி ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நடந்து வரும் நம் சிற்றாறு, அன்று கடலைப் போல் வந்தது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகள் மூழ்கின. வேளச்சேரியிலே தெருக்களில் படகு ஓடியது. அப்பைய தீட்சிதர் கண்ட வெள்ளத்தை நாமும் கண்டோம். 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போது மீண்டும் அதே ஊர், அதே வெள்ளம்.

அந்நாள்களில் நம் அடியார்கள் பலர் சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்து இடுப்பளவு நீரில் நடந்தார்கள். சாதி கேளாமல், சமயம் கேளாமல் கதவு திறந்து இடம் கொடுத்தார்கள். அது சிவப்பணி. ஐயமில்லை. ஆனால் வெள்ளம் வந்தபின் சோறு கொடுப்பது பணியின் பிற்பாதி. வெள்ளம் வராமல் காப்பது முற்பாதி. நாம் முற்பாதியை மறந்தவர்கள்.

அந்த வெள்ளத்தை யமன் என்று சிலர் சொன்னார்கள். நாம் அவ்வாறு சொல்ல மாட்டோம். யமன் ஒருமுறை எல்லை மீறினான், வேளச்சேரிக்கு வந்து பிழை உணர்ந்தான், அதன்பின் மீறவில்லை. நீரும் எல்லை மீறவில்லை. தான் இருந்த இடத்திற்கே அது திரும்பி வந்தது. எல்லை மீறியவர் நாம். யமனுக்கு இருந்த அந்த நாணம் நமக்கும் வர வேண்டாமா?

அப்படியானால் செய்ய வேண்டுவது என்ன? இங்கேதான் நமக்கு ஒரு நாயனார் வழிகாட்டுகின்றார்.

தண்டியடிகள் நாயனார். தண்டீசர் என்ற பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வரும் பெயர். சண்டேசுர நாயனார் வேறு, இவர் வேறு. திருவாரூரில் பிறந்தவர், பிறவியிலேயே கண் இல்லாதவர். பூங்கோயிலின் மேற்கே இருந்த திருக்குளம், சுற்றிலும் பிறர் இருப்பிடங்கள் நெருங்கி, இடம் குறைந்து, தூர்ந்து கிடந்தது. கண் உள்ளவர் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். கண் இல்லாத ஒருவர்தாம் அதைப் 'பார்த்தார்'. குளத்தினுள்ளே ஒரு தறி நட்டார். கரையிலே ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் எடுப்பார். கயிற்றைத் தடவிக்கொண்டே கரை ஏறிக் கொட்டுவார். மீண்டும் இறங்குவார். பழித்தவர் உண்டு, மண்வெட்டியைப் பறித்தவர் உண்டு, தறியைப் பிடுங்கியவரும் உண்டு. அவர் பணியை விடவில்லை. முடிவில் அரசன் முன்னிலையில் அந்தக் குளத்து நீரில் மூழ்கி எழுந்தபோது, கண் பெற்று எழுந்தார்.

குளத்தைத் தூர் எடுத்தவருக்குக் கண் கிடைத்தது. தூர்த்துவிட்டவர்களுக்குக் கண் இருந்தும் என்ன பயன்?

இவ்வரலாற்றை நமக்கு அருளிச்செய்தவர் யார்? சேக்கிழார் பெருமான். அவர் பிறந்த குன்றத்தூர் எங்கே? வேளச்சேரி இருந்த அதே புலியூர்க் கோட்டத்திலே. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையிலே. நம் அடையாறு கடந்து வரும் வழியிலே. ஏரிகளின் நடுவே பிறந்து வளர்ந்த பெருமகனார் அவர்; அநபாய சோழனின் அமைச்சராகவும் இருந்தவர். குளத்தில் மண் எடுத்தவரைத் திருத்தொண்டர் என்று நம்பியாரூரர் பாடினார். அந்தத் தொண்டின் அருமையைச் சேக்கிழார் விரித்துக் காட்டினார். அப்பர் பெருமான் கையில் இருந்ததும் வேலன்று, வாளன்று. புல் செதுக்கும் உழவாரப்படை. சைவத்தின் படைக்கலம் மண்வெட்டியும் உழவாரமுமே.

ஆகவே, அன்பர்களே, திருவிழாக் காலத்தில் உங்களிடம் சில வேண்டுகோள்கள் வைக்கின்றோம். பெரிய செயல்கள் அல்ல. தண்டியடிகள் கூடையளவுச் செயல்கள்.

பூசைக்குப் பயன்பட்ட மாலைகளையும் நெகிழிப் பைகளையும் ஏரியிலோ குளத்திலோ ஆற்றிலோ இடாதீர்கள். இறைவன் சூடியதை நீரில் விடுவது புண்ணியம் என்று எண்ணி, நீரையே மாசுபடுத்துகின்றோம். நிருமாலியம் மண்ணிற் புதைந்து உரமாகட்டும்.

2003இல் தமிழ்நாடு முழுவதும் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்று சட்டம் ஆயிற்று. அன்று எல்லோரும் அமைத்தோம். அந்தத் தொட்டி இப்போது உங்கள் வீட்டில் எந்நிலையில் இருக்கின்றது? சருகும் மணலும் அடைத்துக்கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து தூய்மை செய்யுங்கள். அதுவும் ஏரி வாரியப் பணியே.

உங்கள் தெருவின் மழைநீர் எந்தக் கால்வாய் வழியே எங்கே செல்கின்றது என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு நடந்து காட்டுங்கள். கோத்திரமும் குலதெய்வமும் சொல்லித் தருவது போல, நம் ஊர் நீரின் வழியையும் சொல்லித் தாருங்கள். மனை வாங்கப் போகும் பிள்ளையிடம், விலையைக் கேட்குமுன் நீரோட்டத்தைக் கேள் என்று சொல்லுங்கள்.

அடுத்த பிரதோஷத்தன்று ஒருமுறை வேளச்சேரிக்குச் செல்லுங்கள். ஆயுள் வேண்டியும் அச்சம் நீங்க வேண்டியும் தண்டீசரை வழிபடுவோர் பலர். நீங்களும் வழிபடுங்கள். வழிபட்டுவிட்டு நேரே வீடு திரும்பாதீர்கள். ஏரிக்கரைக்குச் சென்று சிறிது நேரம் நில்லுங்கள். 265 ஏக்கரில் எஞ்சிய 55 ஏக்கர் நீர் உங்கள் முன் கிடக்கும். போனதை எண்ணி மனம் சோர வேண்டா. முன்பு ஆலமரத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றோம் அல்லவா? அடிமரம் வீழ்ந்த பின்னும் விழுதுகள் மரத்தைத் தாங்கின. ஏரியின் பெரும்பகுதி போயிருக்கலாம். எஞ்சியதைத் தாங்கும் விழுதுகளாக நாம் இருக்க முடியும்.

அந்த நீரில் மாலை வெயில் பட்டு ஒளிரும். நீர்க்காகம் ஒன்று கொம்பில் அமர்ந்து சிறகு உலர்த்தும். அப்போது எண்ணிப் பாருங்கள்: வேதங்கள் மாசு நீங்க வந்தன, யமன் பிழை நீங்க வந்தான், நாம் எது நீங்க வந்திருக்கின்றோம்? இந்தக் கேள்விக்கு உங்கள் உள்ளத்தில் விடை பிறந்தால், இன்றைய யாத்திரை நிறைவேறியதாகும்.

மழை தொடங்கிவிட்டது போலும். பந்தலின் மேல் துளிகள் விழும் ஒலி கேட்கின்றது. நல்லது. அது தன் இடத்தைத் தேடிச் செல்லட்டும். அதற்கு வழிவிடும் அறிவையும், அதைத் தாங்கும் கரையையும், கரைக்குள் நிற்கும் அடக்கத்தையும் தண்டீசப் பெருமான் நமக்கு அருள்வாராக! கருணாம்பிகை நம் ஊரையும் நீரையும் உயிர்களையும் காப்பாளாக!

திருச்சிற்றம்பலம்.